இன்டர்வியூவில் ‘நல்ல இம்ப்ரெஷன்’ என்றால் உண்மையில் என்ன? 1974 புனே நேர்காணலும் இரண்டு எண்களும் சொல்வது

புனேயில் இருக்கும் ஒரு நிறுவனத்திடம் இருந்து உங்களுக்கு இன்டர்வியூ மெயில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன செய்வீர்கள்? நம்மில் பலர் யூடியூபைத்தான் திறப்போம். ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ கேள்விக்கு மனப்பாடம் செய்ய ஒரு பதில், எந்தக் கலர் சட்டை போடலாம், கை எப்படிக் குலுக்க வேண்டும், முதல் பத்து நொடியில் எப்படி அசத்த வேண்டும் என்று தேடிக்கொண்டே இரவு பன்னிரண்டு மணி ஆகிவிடும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாமா? கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் வேறொரு வித்தியாசத்தைக் காட்டுகின்றன. எதிரே இருப்பவர் ‘நல்லா பேசுறாங்களே’ என்று நினைப்பது ஒன்று. ‘இந்த வேலையை இவர் செய்துவிடுவார்’ என்று நம்புவதற்கு அவருக்கு ஆதாரம் கிடைப்பது இன்னொன்று. நாம் தயாராவது பெரும்பாலும் முதலாவதற்கு. தேர்வுக்குழுவுக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள புனேயிலேயே நடந்த ஒரு பிரபலமான நேர்காணல் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1974-ல் புனேயில் என்ன நடந்தது?

இன்றைய டாடா மோட்டார்ஸுக்கு அன்றைய பெயர் டெல்கோ. 1974-ல் அந்த நிறுவனம் பொறியாளர்கள் தேவை என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அதன் அடியில், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்ற குறிப்பு இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்னி என்ற மாணவி அதைப் பார்த்துக் கோபப்பட்டு, ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டார். சில நாட்களில், நிறுவனத்தின் செலவிலேயே புனேவுக்கு நேர்காணலுக்கு வரும்படி தந்தி வந்தது. அந்த மாணவிதான் பின்னாளில் எழுத்தாளராகவும் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்து, 2024-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட சுதா மூர்த்தி.

இந்தக் கதையில் அஞ்சலட்டைப் பகுதி எல்லோருக்கும் தெரியும். நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அதையும் அவரே எழுதியும் பேசியும் இருக்கிறார்.

பிம்ப்ரியில் இருந்த அலுவலகத்துக்கு அவர் போனபோது தேர்வுக்குழுவில் ஆறு பேர் இருந்தார்கள். டாடாவுக்குக் கடிதம் எழுதிய பெண் இவர்தான் என்று அவர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. அதாவது, அவர் வாய் திறக்கும் முன்பே ஒரு ‘இம்ப்ரெஷன்’ தயாராக இருந்தது. அது அவருடைய திறமையைப் பற்றியது அல்ல. வேலை கிடைக்கப்போவதில்லை என்று தனக்குள் முடிவு கட்டியிருந்ததால் அவருக்குப் பயமும் இல்லை. இது டெக்னிக்கல் நேர்காணலாக மட்டும் இருக்கும் என்று நம்புகிறேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அவர்கள் டெக்னிக்கல் கேள்விகளைக் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

பிறகு குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். தொழிற்சாலைத் தளத்தில் இதுவரை பெண்களை எடுத்ததே இல்லை, நன்றாகப் படிக்கும் நீங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கலாமே என்பது அவர் வாதம். எங்காவது ஓரிடத்தில் தொடங்கித்தானே ஆக வேண்டும், இல்லையென்றால் எந்தப் பெண்ணும் உங்கள் தொழிற்சாலையில் வேலை பார்க்கவே முடியாதே என்பது சுதாவின் பதில். வேலை கிடைத்தது. டெல்கோவின் தொழிற்சாலைத் தளத்தில் முதல் பெண் பொறியாளர் ஆனார்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதன் 5-ம் பிரிவு, ஆட்களை எடுக்கும்போதும் பெண்கள் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. டெல்கோ போட்டதைப் போன்ற வரியை இன்று ஒரு நிறுவனம் வெளிப்படையாகப் போட முடியாது. ஆனால் வாய் திறக்கும் முன்பே உருவாகிவிடும் அபிப்பிராயம் இன்றும் நேர்காணல் அறைகளில் இருக்கிறது.

சுதா மூர்த்தி அந்த அறையில் செய்தது இரண்டு காரியங்கள். பேச்சைத் தன்னைப் பற்றிய வேடிக்கையில் இருந்து வேலையைப் பற்றிய கேள்விகளுக்குத் திருப்பினார். குழுவின் மனதில் இருந்த தயக்கம் வெளியே வந்ததும், நழுவாமல் அதற்கு நேராகப் பதில் சொன்னார். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுகளில் விளக்கம் இருக்கிறது.

0.42, 0.19: இந்த எண்கள் சொல்வது என்ன?

ஒருவருக்கு நேர்காணலில் கிடைத்த மதிப்பெண்ணும், அவர் பிறகு வேலையில் எப்படிச் செயல்பட்டார் என்பதும் எவ்வளவு பொருந்துகின்றன? இதை ஆய்வாளர்கள் 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் அளக்கிறார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, பூவா தலையா போட்டு எடுத்ததற்குச் சமம். 1 என்றால் அச்சு அசலாகப் பொருந்துகிறது.

2022-ல் பால் சாக்கெட்டும் மூன்று ஆய்வாளர்களும் சேர்ந்து, அதுவரை வந்த ஆய்வுகளின் கணக்குகளை மறுபரிசீலனை செய்து ‘ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி’ இதழில் வெளியிட்டார்கள். அதில் நமக்கு முக்கியமான எண்கள் இவை:

• கட்டமைக்கப்பட்ட நேர்காணல்: 0.42

• கட்டமைப்பு இல்லாத நேர்காணல்: 0.19

கட்டமைக்கப்பட்ட நேர்காணல் என்றால் என்ன? அந்த வேலைக்கு என்ன திறன்கள் வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொண்டு நடத்துவது. கட்டமைப்பு இல்லாதது என்றால், ‘சரி, உங்களைப் பற்றிச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்து, பேச்சு போகிற போக்கில் போய், கடைசியில் ‘ஆள் எப்படி?’ என்று ஒரு முடிவுக்கு வருவது.

அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்ட முறைகளிலேயே மேலே வந்தது கட்டமைக்கப்பட்ட நேர்காணல்தான். ‘எத்தனை வருட அனுபவம்’ என்ற எண்ணிக்கை 0.1-ஐக்கூட எட்டவில்லை. மூன்று வருடம் வேண்டிய இடத்தில் உங்களுக்கு இரண்டரைதான் இருக்கிறது என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். இவையெல்லாம் பல ஆய்வுகளின் சராசரி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் இதே எண் வரும் என்று அர்த்தமில்லை.

அனுபவசாலிகள்கூட ஏன் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்?

2013-ல் ஜேசன் டானா, ராபின் டாஸ், நாதனியல் பீட்டர்சன் ஆகியோர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைச் சுவாரஸ்யமாகக் காட்டுகிறது. மாணவர்களிடம், இன்னொரு மாணவரின் அடுத்த செமஸ்டர் கிரேடு எவ்வளவு இருக்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். அந்த மாணவரின் பழைய கிரேடு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சிலர் கூடவே அவரை நேர்காணலும் செய்தார்கள். இதில் ஒரு பிரிவில், பதில் சொல்பவரிடம் ஒரு ரகசிய விதி கொடுக்கப்பட்டது. அவர் ‘ஆமாம்’, ‘இல்லை’ என்பதை உண்மையின்படி சொல்லாமல், அந்த விதிப்படி ஏனோதானோவென்று சொன்னார்.

கேள்வி கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சம்பந்தமில்லாத பதில்களை வைத்தே அந்த ஆளைப் பற்றி ஒரு முழுச் சித்திரத்தை மனதில் வரைந்துகொண்டார்கள். இதைவிட முக்கியமானது, நேர்காணல் செய்தவர்களின் கணிப்பு, பழைய கிரேடை மட்டும் பார்த்துச் செய்த கணிப்பைவிட மோசமாக இருந்தது. அரை மணி நேரம் பேசினால் ஆளைப் புரிந்துகொண்டுவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இதற்கு ஒரு தீர்வை டேனியல் கானமன் 1950-களிலேயே முயன்று பார்த்தார். பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் அவர். அப்போது இளைஞர், இஸ்ரேல் ராணுவத்தில் வேலை. புதிய வீரர்களை மதிப்பிடும் நேர்காணலை மாற்றி அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு பண்புகளைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும், அந்த வீரரின் கடந்த வாழ்க்கையில் உண்மையில் நடந்தவற்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும்; ஒரு பண்புக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். நேர்காணல் செய்பவர்கள் தங்களை ரோபோ ஆக்கிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். ஆனால் பழைய முறையைவிடப் புதிய முறையின் கணிப்பு தெளிவாக மேம்பட்டது.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு கேள்வி வரும். ‘இதையெல்லாம் ஹெச்.ஆர்.காரங்க படிக்கணும், நான் ஏன் படிக்கணும்?’

ஏனென்றால், உங்களுக்கு வாய்க்கும் நேர்காணல் எந்த வகை என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் குழு கேட்கும் கேள்வி எப்படி இருந்தாலும், உங்கள் பதில்களை நீங்கள் கட்டமைக்கலாம். மதிப்பெண் தாள் வைத்திருக்கும் குழுவுக்கு அது வேலையைச் சுலபமாக்கும். தாளே இல்லாத குழுவுக்கு, எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பதை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

சரி, இதை எப்படிச் செய்வது?

1. வேலை விவரத்தை ஆறு வரியாக உடையுங்கள். நிறுவனம் அனுப்பிய ஜே.டி.யைப் பிரின்ட் எடுத்து, அதில் கேட்கப்படும் திறன்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை என்றால் ஆட்டோமேஷன், ஏ.பி.ஐ. டெஸ்டிங், பிழைகளைத் தரம் பிரிப்பது, கிளையன்ட்டிடம் பேசுவது என்று வரும். ஐந்தாறுக்கு மேல் போக வேண்டாம். இதுதான் நீங்கள் உருவாக்கும் மதிப்பெண் தாள்.

2. ஒவ்வொரு வரிக்கும் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன? பயிற்சியாளர்கள் ‘ஸ்டார்’ முறை என்று சொல்வது இதைத்தான். இதில் நாம் வழக்கமாகக் கோட்டை விடுவது மூன்றாவதில். ‘நாங்க பண்ணோம்’ என்று சொல்லிவிடுவோம். குழு வேலைக்கு எடுக்கப்போவது உங்கள் டீமை அல்ல, உங்களை. அதனால் டீமுக்கு உரியதை டீமுக்குக் கொடுத்துவிட்டு, ‘அதில் நான் செய்தது இது’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

கற்பனையான ஓர் உதாரணம். ‘நான் ஹார்ட் வொர்க்கர், குவிக் லேர்னர், டீம் பிளேயர்’ என்று ஒருவர் சொல்கிறார். கேட்பவரால் இதைச் சரிபார்க்கவும் முடியாது, அடுத்தவரோடு ஒப்பிடவும் முடியாது. இன்னொருவர் இப்படிச் சொல்கிறார்: ‘எங்க பேமென்ட் ஸ்கிரீனை ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னாடி நாலு பேர் ரெண்டு நாள் கையால டெஸ்ட் பண்ணிட்டிருந்தோம். அதுல அடிக்கடி மாறாத 60 கேஸை மட்டும் நான் ஆட்டோமேட் பண்ணேன். இப்போ அது ராத்திரி தானா ஓடுது, காலையில ஒருத்தர் ரிசல்ட் பார்த்தா போதும். மீதியை ஏன் தொடலைன்னா, அந்தப் பக்கம் மாசத்துக்கு ஒரு தடவை மாறும், ஸ்கிரிப்ட்டைத் திருத்துறதுக்கே நேரம் போயிடும்.’

இரண்டாவது பதிலில் பெருமை பேசும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவருக்கு எழுதிக்கொள்ள நான்கு விஷயங்கள் கிடைத்துவிட்டன. கடைசி வரியில், எதைச் செய்யக் கூடாது என்று யோசிக்கத் தெரிந்தவர் என்பதும் தெரிகிறது.

3. ஃப்ரெஷரா? உங்களுக்கும் சம்பவங்கள் உண்டு. சாக்கனில் ஒரு வாகன உதிரிபாக ஆலையின் நேர்காணலுக்கு வரும் மெக்கானிக்கல் டிப்ளமா மாணவரை எடுத்துக்கொள்வோம். ‘ஃபைனல் இயர்ல ஒரு டிரில் ஜிக் பண்ணோம்’ என்பதோடு நிறுத்தினால் அது ரெஸ்யூமில் ஏற்கெனவே இருக்கும் வரிதான். ‘முதல் தடவை துளை அரை மில்லிமீட்டர் விலகுச்சு. இறுக்கும்போது பீஸ் நகருதுன்னு நான் அளந்து பார்த்தேன். லொகேட்டிங் பின் ஒண்ணு கூடுதலா வெச்சதும் சரியாச்சு’ என்று சொன்னால், பிழையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உள்ளவர் என்று தெரிகிறது. சரியாக வந்த ப்ராஜெக்ட்டைவிட, சொதப்பிச் சரிசெய்த ப்ராஜெக்ட்டில் சொல்ல அதிகம் இருக்கும்.

4. அவர்களின் தயக்கத்தை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள். உங்கள் ரெஸ்யூமை எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி படியுங்கள். ஒரு வருட இடைவெளியா? அரியரா? எட்டு மாதத்தில் வேலை மாறியதா? சப்போர்ட் ப்ராஜெக்ட்டில் இருந்து டெவலப்மென்ட்டுக்கு வர நினைப்பதா? அவர்கள் கேட்பார்கள், அல்லது கேட்காமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். இரண்டாவதுதான் ஆபத்து. இரண்டு வரியில் உண்மையான காரணம், மூன்றாவது வரியில் அதன் பிறகு நீங்கள் செய்தது, அவ்வளவு போதும். அப்பாவின் உடல்நிலைக்காக எடுத்த இடைவெளிக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

5. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், ஆனால் அங்கேயே நிற்காதீர்கள். ‘இதை நான் பயன்படுத்தியதில்லை. இதற்கு நெருக்கமாக இதைச் செய்திருக்கிறேன். இந்தப் பிரச்சினை வந்தால் முதலில் இங்கே பார்ப்பேன்’ என்பது ஒரு முழுமையான பதில். சுற்றி வளைத்து அளந்துவிடுவதை அந்தத் துறையில் இருப்பவர் அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.

6. நீங்களும் கேளுங்கள். ‘எனி கொஸ்டின்ஸ்?’ என்றதும் ‘நோ சார்’ என்று எழுந்துவிடாதீர்கள். ‘இந்த வேலையில் முதல் ஆறு மாதத்தில் என்ன முடிந்தால் நல்லா பண்ணிட்டாங்கன்னு சொல்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வந்தால், அதற்குப் பொருந்தும் ஒரு சம்பவம் உங்களிடம் மீதம் இருந்தால் அங்கேயே சொல்லலாம். பதிலே வராமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அதுவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான்.

அப்போ சட்டை, சிரிப்பு, கைகுலுக்கல் எல்லாம்?

இவற்றை ஒதுக்கிவிட முடியாது. 2010-ல் முர்ரே பாரிக்கும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கேள்விகள் தொடங்கும் முன் நடக்கும் அறிமுகப் பேச்சில் உருவாகும் அபிப்பிராயம், நேர்காணலின் இறுதி மதிப்பெண்ணோடு தொடர்புடையதாக இருந்தது. ‘டிராஃபிக் எப்படி இருந்தது?’ என்ற அந்த இரண்டு நிமிடமும் கணக்கில் சேர்கிறது.

அதனால் துவைத்துத் தேய்த்த, உங்களுக்குப் பழக்கமான உடை போதும். கடையில் இருந்து அன்றுதான் வந்த ஷூ காலைக் கடித்தால் கவனம் அங்கேதான் போகும். வீடியோ கால் என்றால் முகத்தில் வெளிச்சம் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேசுங்கள். மொபைல் டேட்டாவையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கும் இங்கேதான் பதில். மேலே சொன்ன ஆறு சம்பவங்களையும் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம், மொபைலில் பதிவு செய்து கேளுங்கள். புனேயில் குழுவினர் தங்களுக்குள் மராத்தியிலோ இந்தியிலோ பேசிக்கொள்ளலாம். அது உங்களைப் பற்றித்தான் என்று நினைத்துத் தடுமாற வேண்டாம். கேள்வியே இந்தியில் வந்தால், ‘ஆங்கிலத்தில் கேட்டால் இன்னும் சரியாகப் பதில் சொல்வேன்’ என்று பணிவாகச் சொல்வதில் தவறில்லை.

நம் கையில் இல்லாத பகுதி

எல்லாவற்றையும் தயாரிப்பால் சரிசெய்துவிடலாம் என்று சொன்னால் அது பொய். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்குச் சாதகமான பதில் வரும் வாய்ப்பு விகிதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும், முஸ்லிம் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைவாகவும் இருந்தது. இது நேர்காணலுக்கு அழைக்கும் முன்பே நடப்பது.

அதே ஆண்டு, அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் எழுதிய கட்டுரை டெல்லியில் உள்ள 25 மனிதவள மேலாளர்களிடம் பேசிய ஆய்வு. தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன அவர்களில் பலர், ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, சொந்த ஊர் எது என்ற கேள்விகள் சாதாரணமாகக் கேட்கப்பட்டாலும், விண்ணப்பதாரரின் சமூகத்தை ஊகிக்க அவை வழியாகிவிடுகின்றன.

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை வேலைக்குத் திருப்பலாம். ‘அப்பா விவசாயம் பார்க்கிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதனால் கல்லூரியில் எதையும் நானே தேடிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, உதாரணத்துக்கு...’ என்று உங்கள் பட்டியலில் உள்ள ஒரு சம்பவத்துக்குப் போகலாம். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று பெண்களிடம் கேட்கப்படும் கேள்விக்கு, ‘இந்த வேலையின் நேரத்துக்கும் பயணத்துக்கும் என்னால் ஒத்துவர முடியும்’ என்பது போதுமான பதில். அதற்கு மேல் தோண்டினால், அந்த இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கட்டமைக்கப்பட்ட நேர்காணலுக்கு இங்கே இன்னொரு மதிப்பும் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்வி என்றால், உங்களிடம் மட்டும் ஊரையும் குடும்பத்தையும் விசாரிக்க இடம் குறைகிறது.

புனேவுக்கே நேரில் போகிறீர்களா?

புனேயின் வேலை மையங்கள் ஒன்றுக்கொன்று தூரமானவை. ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க் நகரத்தின் மேற்கே. மகர்பட்டா, கராடி கிழக்கே. சாக்கன் ஆலைகள் வடக்கே. புனே ரயில் நிலையத்தில் இருந்து ஹிஞ்சேவாடி சுமார் 20 கிலோமீட்டர். வாகட்டில் நண்பரின் அறையில் தங்கிக்கொண்டு கராடியில் காலை 9 மணி நேர்காணலுக்கு வருவது என்றால் நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். ஹிஞ்சேவாடியில் ஃபேஸ் 1, 2, 3 என்று மூன்று பகுதிகள் உண்டு. ஒரே நிறுவனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் இருக்கலாம். எந்த ஃபேஸ், எந்தக் கேட் என்பதை முந்தின நாளே மெயில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அலுவலக நேர நெரிசலுக்குப் பெயர்போன இடம் அது. முடிந்தால் முந்தின நாள் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வாக்-இன் என்றால் கதை வேறு. 2025 ஜனவரியில் புனேயில் ஓர் ஐ.டி. நிறுவனத்தின் வாக்-இன்னுக்கு இளைஞர்கள் மிக நீளமான வரிசையில் நின்ற வீடியோ நாடு முழுவதும் பரவியது. சுமார் 3,000 பேர் என்று அப்போது செய்திகள் வந்தன. அப்படிப்பட்ட கூட்டத்தில் முதல் வடிகட்டல் ரெஸ்யூமிலேயே நடந்துவிடும். அதனால் உங்கள் ஆறு சம்பவங்களில் வலுவான இரண்டை, முதல் பக்கத்தின் மேல் பாதியிலேயே ஆளுக்கொரு வரியாகக் கொண்டுவந்துவிடுங்கள். ஆதார் போன்ற அடையாள அட்டை, நான்கைந்து ரெஸ்யூம் பிரதிகள், தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் கையில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. ‘செக்யூரிட்டி டெபாசிட்’, ‘லேப்டாப் கட்டணம்’, ‘ட்ரெய்னிங் ஃபீஸ்’ என்று நேர்காணலுக்கு முன்போ ஆஃபர் லெட்டரோடோ யாராவது பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆளெடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களிலேயே எச்சரித்திருக்கின்றன. மெயில் வந்த முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால்தான் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

சம்பளப் பேச்சு வந்தால்?

ஹெச்.ஆர். சுற்றில் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். சி.டி.சி.யில் மாறும் பகுதி எவ்வளவு? மாதம் கையில் வருவது எவ்வளவு? பாண்ட் ஏதாவது உண்டா? சி.டி.சி. என்ற எண்ணில் நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராச்சுவிட்டி போன்றவையும் சேர்ந்திருக்கலாம். சென்னையிலோ கோவையிலோ வீட்டில் இருந்து வேலைக்குப் போகிறவருக்குப் புனேயில் வாடகையும் ஊருக்கு வந்துபோகும் செலவும் புதிது. எண்ணைச் சொல்லும் முன் இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டீஸ் பீரியட் 60 நாளா 90 நாளா என்பதையும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டும், கையில் இருக்கும் ஆஃபரும் போகும்.

கிடைக்கவில்லை என்றால்?

மீண்டும் அந்த 0.42-க்கு வருவோம். இந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் சுமார் 0.18. அதாவது, வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், மிக நன்றாக நடத்தப்பட்ட நேர்காணலே கணிக்க முடிவது சுமார் 18 சதவீதத்தைத்தான். கட்டமைப்பு இல்லாத நேர்காணல் என்றால் சுமார் 4 சதவீதம். ‘ரிக்ரெட்’ மெயில் வந்த அன்று ராத்திரி, நம்மால் எதுவும் முடியாது என்று தோன்றும்போது இந்த எண்களை நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் அளக்கப்பட்டது உங்களில் ஒரு சிறு பகுதி மட்டும்தான்.

ஆனால் அந்தச் சிறு பகுதியை அடுத்த முறை மேம்படுத்தலாம். நேர்காணல் முடிந்து அறைக்குத் திரும்பியதும், தூங்கும் முன், கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளையும் எழுதிவையுங்கள். எந்தக் கேள்விக்கு உங்களிடம் சம்பவமே இல்லை என்று குறியுங்கள். பதில் தெரியாமல் விட்ட கேள்வியா, தெரிந்தும் சொல்ல வராத கேள்வியா என்று பிரியுங்கள். முதல் வகைக்குப் படிக்க வேண்டும் அல்லது இப்போதைய வேலையில் அதைச் செய்து பார்க்க ஒரு வாய்ப்புக் கேட்க வேண்டும். இரண்டாவது வகைக்குச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் போதும். நான்கு நேர்காணலுக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். அதே ஏழெட்டுக் கேள்விகள்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப வந்திருக்கும்.